ஆத்ரேயபுரம் மாமிடி தாண்ட்ரா: எதை வாங்கணும், எதை விட்டுடணும்

மாம்பழ சீசன் முடிஞ்ச உடனே எல்லாரும் கேக்குற கேள்விதான், மாம்பழ தாண்ட்ரா (தெலுங்குல மாமிடி தாண்ட்ரா, மாம்பழக் கூழை அடுக்கடுக்கா பூசிக் காய வெச்சுப் பண்ற இனிப்பு) எங்க நல்லா கிடைக்கும்னு. சென்னைல சூப்பர் மார்க்கெட் பில்லிங் கவுண்டர் பக்கத்துல தொங்குமே மஞ்சக் கலர் பார், அதை சாப்ட்டுட்டு இதுதான் தாண்ட்ரான்னு நினைச்சுட்டு இருக்கவங்க நிறைய பேரு. அவங்களுக்காகத்தான் முக்கியமா இதை எழுதுறேன். ஆந்திரால கோனசீமா பக்கம் இருக்குற ஆத்ரேயபுரத்துல ஒரு கடைல வாங்குன தாண்ட்ரா, இங்க கடைல வாங்குன பாக்கெட் மேங்கோ பார், ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி வந்த ஒண்ணு, மகாராஷ்டிரா ரத்னகிரில இருந்து ஃப்ரெண்டு கொண்டு வந்த ஆம்பாபோளி (அந்த ஊர் தாண்ட்ரா), இது எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வெட்டிப் பாத்து, சாப்ட்டுப் பாத்து, தண்ணில ஊறப் போட்டும் பாத்தாச்சு. முடிவை முதல்லயே சொல்லிடுறேன், ஆத்ரேயபுரம் வெல்ல தாண்ட்ராவுக்குப் பக்கத்துல எதுவும் வரல, ஆனா ஆத்ரேயபுரம்னு பேர் போட்டு விக்கிற எல்லாமே நல்லா இருக்கும்னும் நம்பிடாதீங்க.

ஊரைப் பத்தி ஒரு வார்த்தை. ராஜமுந்திரில இறங்கி தவளேஸ்வரம் அணைக்கட்டு பக்கமா கோதாவரியைத் தாண்டிப் போனா ஆத்ரேயபுரம். 2022ல ஜில்லா பிரிச்சப்ப கோனசீமா ஜில்லாவுக்குள்ள வந்துருச்சு. அந்த ஊர் பேரைச் சொன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது பூதரேகுலு, அரிசிக் கரைசலை சூடான பானை மேல துணியால ஒரு இழுப்பு இழுத்தா காகிதம் மாதிரி வருமே, அதுக்குள்ள நெய்யும் சர்க்கரையும் வெச்சு மடிக்கிறது. 2023ல புவிசார் குறியீடும் வாங்கிருச்சு. ரோட்டு ரெண்டு பக்கமும் பூதரேகுலு கடைதான், ஆனா அதே கடைங்கள்ல கண்ணாடிப் பெட்டிக்குக் கீழ் தட்டுல தாண்ட்ராவும் இருக்கும், நாம கேட்டாதான் எடுத்துக் காட்டுவாங்க. பூதரேகுலு வாங்கப் போறவங்க அதைக் கவனிக்காமயே திரும்பி வந்துடுறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

நான் வாங்குன கடை சின்னக் கடை, பேர் போட விரும்பல, வீட்டுக்குப் பின்னாடியே அவங்களே காய வெக்கிறாங்க. கடைக்கார அம்மா கேட்ட உடனே பின்னாடி கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. மூங்கில் கட்டி இடுப்பு உயரத்துக்கு ஒரு பரண், அதுமேல பாய் விரிச்சிருக்கு, பாய் மேல மாம்பழக் கூழ். கையாலயே தேச்சு விடுறாங்க, கரண்டி எல்லாம் கிடையாது, உள்ளங்கையை சாய்ச்சு வெச்சு ஒரே வீச்சுல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும். காஞ்சதுக்கு அப்புறம் அதுமேலயே இன்னொரு பூச்சு, அது காஞ்சா இன்னொண்ணு. இப்படியே வெயில் இருக்குற நாளெல்லாம் ஏத்திக்கிட்டே போறாங்க, தடிமன் வர்றதுக்கு வாரக் கணக்கா ஆகும்.

ஏன் ஒரே தடவைல மொத்தமா ஊத்திக் காய வெக்கக் கூடாதுன்னு கேட்டேன். அந்த அம்மா தெலுங்குல சொன்னது எனக்குப் புரிஞ்ச வரைக்கும், மேல காஞ்சுரும் உள்ள புளிச்சுரும். அவ்ளோதான் விஷயம், இதைத்தான் உணவு பதப்படுத்துற படிப்புல பக்கம் பக்கமா சொல்லிக் குடுக்குறாங்க. கூழை தடியா ஊத்துனா மேல் பக்கம் சீக்கிரமா இறுகி ஒரு தோல் கட்டிக்கும், அந்தத் தோல் உள்ள இருக்குற ஈரத்தை வெளிய விடாது, ஈரம் மாட்டிக்கிட்டா ஈஸ்ட் வேலை செய்ய ஆரம்பிச்சுரும், அப்புறம் கள்ளு வாடை. மெல்லிசா பூசுனா ஈரம் ஒரே நாள்ல போயிடும். மாம்பழத்துல நூத்துக்கு எண்பது பங்குக்கு மேல தண்ணிதான், அதை பதினஞ்சு இருபதுக்குக் கொண்டு வரணும், அப்பதான் பூஞ்சை வராம மாசக் கணக்குல நிக்கும். பழத்துல இருக்குற பெக்டினும் (ஜாமை இறுக வெக்கிற பொருள்) சர்க்கரையும் சேந்து காயும்போது ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு ஒரு படலமா ஆகுது, அதனாலதான் உரிச்சா கிழியாம ஷீட்டா வருது. நாரு இருந்தா இன்னும் பலம். அந்த அம்மா சொன்னதும் அதேதான், சாப்பிடுறதுக்கு நாரு இல்லாத பழம், தாண்ட்ராவுக்கு நாரு உள்ள, சாறு நிறைஞ்ச நாட்டுப் பழம். பங்கனப்பள்ளி தாண்ட்ரான்னு யாராவது விலை கூட்டி வித்தா அதுக்காக காசு அதிகம் குடுக்க வேண்டாம், நாட்டுப் பழத்துல வர்ற புளிப்பும் வாசனையும் அதுல வராது.

சரி, சரக்கு எப்படி. ரெண்டு வகை வாங்குனேன், சர்க்கரை போட்டது ஒண்ணு, வெல்லம் போட்டது ஒண்ணு. ரெண்டையும் கத்தியால குறுக்க வெட்டி வெளிச்சத்துல பாத்தா, வெட்டுன ஓரத்துல கோடு கோடா தெரியும், பழைய புத்தகத்தோட ஓரம் மாதிரி. ஒவ்வொரு கோடும் ஒரு நாள் வெயில். அதுலயும் எல்லாக் கோடும் ஒரே நிறம் இல்ல, நடுவுல ரெண்டு மூணு கோடு கருப்பா இருந்துச்சு, மத்தது தேன் கலர். மேகமூட்டமான நாள்ல காய நேரமானா அந்தப் பூச்சு கருத்துரும்னு சொன்னாங்க. அடிப்பக்கம் திருப்பிப் பாத்தா பாயோட பின்னல் அச்சு அப்படியே பதிஞ்சிருக்கு, விரல் வெச்சுத் தடவுனா சொரசொரன்னு தெரியும். இதுதான் நான் சொல்ற முதல் அடையாளம். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழன்னு பளபளன்னு இருந்தா அது எண்ணெய் தடவுன ஸ்டீல் ட்ரேல ஊத்துனது. அது தப்புன்னு சொல்லல, ஆனா பாய்ல வெயில்ல காஞ்சதுன்னு சொல்லி அதை விக்கக் கூடாது.

வெல்லம் போட்டது நல்ல கருப்பு, புளியோட நிறத்துக்குப் பக்கத்துல இருக்கும். பாக்க அழகா இருக்காதுங்க, முதல் தடவை பாக்குறவங்க பழசுன்னு நினைச்சு ஒதுக்கிடுவாங்க. வாய்ல போட்டா முதல்ல வெல்லத்தோட அந்த லேசான உப்பு கலந்த இனிப்பு, மெல்ல ஆரம்பிச்ச உடனே புளிப்பு, அப்புறம் கடைசில பழுத்த பழத்தோட காம்புப் பக்கம் ஒரு வாசனை வருமே, பால் வாசனை கலந்த மாதிரி, அது வருது. காஞ்சு போன ஒரு பொருள்ல அந்தக் காம்பு வாசனை எப்படித் தங்குச்சுன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம். சர்க்கரை போட்டது கலர் நல்லா இருக்கு, பசங்களுக்குப் பிடிக்கும், ஆனா இனிப்பு முன்னாடி வந்து மத்ததை எல்லாம் மூடிடுது. எங்க வீட்ல அம்மாவுக்கு வெல்லம்தான் பிடிச்சது, தங்கச்சி பசங்க சர்க்கரையைத் தின்னு தீத்துட்டாங்க. ரெண்டுல ஒண்ணுன்னா வெல்லத்தையே வாங்குங்க.

ஒரு குறையும் சொல்லணும். பேக்கிங் ரொம்ப மோசம். சாதாரண பாலிதீன் கவர்ல போட்டு ஸ்டேப்ளர் அடிச்சுக் குடுக்குறாங்க, தேதி இல்ல, என்ன போட்டாங்கன்னு எழுதல. இவ்வளவு வேலை செஞ்சு பண்ற பொருளுக்கு ஒரு பட்டர் பேப்பர், ஒரு லேபிள், அது கூட இல்லாம விக்கிறது அவங்களுக்கே நஷ்டம். நான் சொன்னேன், அந்த அம்மா சிரிச்சுட்டு எங்ககிட்ட வாங்குறவங்க எல்லாம் எங்களைத் தெரிஞ்சவங்கன்னு சொன்னாங்க. ஊருக்குள்ள அது சரி, ஆனா கூரியர்ல வெளியூர் அனுப்பும்போது அந்த நம்பிக்கை கூட வராதே.

இப்ப பாக்கெட் மேங்கோ பாருக்கு வர்றேன். இதுவும் ஏமாத்து இல்ல, இது வேற பொருள். மைசூர் சிஎஃப்டிஆர்ஐ, 1950ல ஆரம்பிச்ச மத்திய அரசு உணவு ஆராய்ச்சி நிறுவனம், அவங்க பழ பார் செய்ற முறையை உருவாக்கிக் குடுத்தாங்க. கூழ்ல சர்க்கரை சேத்து, சிட்ரிக் ஆசிட் சேத்து, ட்ரேல மெல்லிசா ஊத்தி, கேபினட் ட்ரையர்ல சூடான காத்துல காய வெச்சு, அடுக்கி, வெட்டி, சுத்தித் தர்றது. வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம், ஈ தூசி இல்ல, மழை வந்தா அழுக வேண்டாம். சுத்தம்னு பாத்தா ட்ரையர்தான் மேல, அதுல எனக்கு மறு பேச்சே இல்ல. ஆனா நான் வாங்குன பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தா முதல் பேரே சர்க்கரை. லேபிள்ல எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்னு விதி, அப்ப மாம்பழ பார்ல மாம்பழத்தை விட சர்க்கரை அதிகம்னு அவங்களே எழுதிக் குடுத்த மாதிரிதான். குறுக்க வெட்டுனா கோடே இல்ல, ஒரே கட்டி. பல்லுல ஒட்டுது. வாசனை மாம்பழ ஐஸ்க்ரீம் வாசனை, அது பழத்துல இருந்து வந்ததுன்னு தோணல.

இங்க ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுறேன், கடைல நிக்கும்போது இது ரொம்ப உதவும். ஒரு கிலோ கூழ்ல நிஜமா திடப்பொருள்னு இருக்குறது 150ல இருந்து 200 கிராம் வரைக்கும். சர்க்கரையே போடாம ஒரு கிலோ தாண்ட்ரா வேணும்னா அஞ்சு கிலோ கிட்ட கூழ் வேணும். தோல் கொட்டை எல்லாம் போக அஞ்சு கிலோ கூழுக்கு எட்டுல இருந்து பத்து கிலோ பழம் போயிடும். பழம் கிலோ இருபது ரூபாய்க்கே கிடைச்சாலும் பழத்துக்கு மட்டும் 160, 200 ரூபா ஆச்சு, கூலி, பாய், வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் இனிமேதான். அப்ப கிலோ 200 ரூபாய்க்கு சுத்தமான பழ தாண்ட்ரான்னு ஒருத்தர் தந்தா அதுல பழத்தோட பங்கு எவ்ளோன்னு நீங்களே போட்டுப் பாத்துக்கலாம். சர்க்கரை சேத்தா தப்பில்ல, ஆத்ரேயபுரத்துலயும் சேக்குறாங்க, எவ்ளோ சேத்தோம்னு கேட்டா சொல்றாங்களா இல்லையான்றதுதான் விஷயம்.

ஆன்லைன் ஆர்டர் கதை வேற. கடை பேர் சொல்ல மாட்டேன், கோதாவரி ஸ்பெஷல்னு பெரிய எழுத்துல போட்டிருந்தாங்க, படத்துல கருப்பு தாண்ட்ரா, வந்தது பளீர்னு ஆரஞ்சு. வெயில்ல காஞ்ச மாம்பழம் கருக்கும், அது இயற்கை, இப்படி பளீர்னு ஆரஞ்சாவே நின்னா பெரும்பாலும் கந்தகமோ கலரோ போட்டிருப்பாங்க. பின்னாடி பொடி எழுத்துல ஐஎன்எஸ் 224ன்னு (உணவுல சேக்குற பொருளுக்கான சர்வதேச நம்பர்) இருந்துச்சு, அது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். அளவோட போட அனுமதி இருக்கு, உலர் திராட்சை, உலர் அத்தி எல்லாத்துலயும் இந்தக் கந்தக வகை போடுறது உண்டு, அதனால பயப்படச் சொல்லல. ஆனா ஆஸ்துமா இருக்குறவங்களுக்கு சில பேருக்கு சல்ஃபைட் ஒத்துக்காது, மூச்சு இழுக்கும், அவங்க வீட்ல இருந்தா லேபிள்ல 220ல இருந்து 228 வரைக்கும் எந்த நம்பர் இருந்தாலும் யோசிச்சு வாங்குங்க. எனக்குக் கோவம் வந்தது அதுக்கு இல்ல. படத்துல ஒண்ணு, பாக்கெட்ல ஒண்ணு, கேட்டா இதுவும் தாண்ட்ராதான் சார்னு பதில். பாதி துண்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஈரமா இருந்துச்சு, ஒரு மூலைல புளிச்ச வாடை. ரீஃபண்ட் கேட்டு மெசேஜ் போட்டதுக்கு இன்னும் பதில் இல்ல.

அதைத் தூக்கிப் போடாம ஒரு வேலை பண்ணேன், ஒவ்வொண்ணுலயும் கட்டை விரல் அளவு துண்டு வெட்டி தனித்தனி டம்ளர்ல வெதுவெதுப்பான தண்ணில போட்டு ராத்திரி வெச்சுட்டேன். காலைல பாத்தா ஆத்ரேயபுரத்து ரெண்டும் பாதி கரைஞ்சு, கலக்குன உடனே மாம்பழச் சாறு மாதிரியே ஆயிருச்சு, அடில நாரு நூல் நூலா தெரிஞ்சுது, அந்தத் தண்ணியைக் குடிக்கவே நல்லா இருந்துச்சு. ஆம்பாபோளியும் சுத்தமா கரைஞ்சுது, நாரு கம்மி. பாக்கெட் பார் வெளிய கரைஞ்சு உள்ள பசையா நின்னுச்சு. ஆன்லைன்காரர் சரக்கு தண்ணியை ஆரஞ்சாக்கிட்டு, தான் மட்டும் ரப்பர் துண்டா உப்பிப் போய் அப்படியே கிடந்துச்சு, விரலால அமுக்குனா திரும்ப எழும்புது. பழம் மட்டும் இருந்தா கலக்கும்போது கூழா பிரியணும், இப்படி உப்பி நிக்காது. இதை வீட்ல யார் வேணா பண்ணிப் பாக்கலாம், செலவே இல்ல.

ஆம்பாபோளி பத்தியும் சொல்லியே ஆகணும், இதுதான் இருக்குறதுலயே மெல்லிசு. கொங்கண் பக்கம் ஹாபூஸ், அதாவது அல்ஃபோன்ஸா பழக் கூழை தட்டுல ஊத்தி வெயில்ல வெச்சு எடுக்குறது, கொஞ்சப் பூச்சுதான், தாண்ட்ரா மாதிரி வாரக் கணக்கா ஏத்துறது கிடையாது. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா அந்தப் பக்கம் விரல் தெரியுது. சுருட்டி வெச்சா சுருள் நிக்குது, விரிச்சா கிழியல. வாசனை அல்ஃபோன்ஸா வாசனை, குங்குமப்பூ மாதிரி ஒரு சாயல், அது பிடிச்சவங்களுக்கு இதுதான் பெஸ்ட். எனக்கு ஒரே குறை, புளிப்பு போதல, ரெண்டு துண்டுக்கு மேல திகட்டுது. அதே ஊர்ல பலாப்பழத்துல பண்றதுக்கு ஃபணஸ்போளின்னு பேரு, அது இன்னும் கைக்கு வரல, வந்தா எழுதுறேன். வங்காளத்துல ஆம்ஷொத்தோன்னு இதே குடும்பம், மால்டா பக்கத்துது பேர் போனது. அவங்க அதை தக்காளி, பேரீச்சம்பழம் கூட போட்டு ஒரு இனிப்புச் சட்னி பண்ணுவாங்க, நான் வெல்ல தாண்ட்ராவைப் பொடியா வெட்டிப் போட்டு செஞ்சு பாத்தேன், கடுகு, காஞ்ச மிளகா தாளிச்சு, கொஞ்சம் இஞ்சி. வீட்ல சப்பாத்திக்கு எடுத்துக்கிட்டாங்க, மறுநாள் தயிர் சாதத்துக்கும் அதான் வேணும்னு கேட்டாங்க. தாண்ட்ரா தீரும் முன்னாடி ஒரு தடவை கண்டிப்பா செஞ்சு பாருங்க.

நம்ம ஆளுங்களுக்கு இந்த வித்தை தெரியாதுன்னு யாரும் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துல பனம்பழத்தைப் பிசைஞ்சு களி எடுத்து, பாய்ல ஊத்தி, காயக் காய மேல மேல ஊத்திப் பண்ற பனாட்டு இருக்கே, அது அச்சு அசல் இதே வேலைதான். பனம்பழத்துல இயற்கையாவே ஒரு கசப்பு உண்டு, அதோட சண்டை போட்டுக்கிட்டே அதை அவ்ளோ ருசியா பண்ணிருக்காங்க. துண்டு போட்டு பனம்பாணில (பதநீரைக் காய்ச்சின பாகு) ஊற வெச்சா பாணிப் பனாட்டு. ஊர்ல இருந்து வந்த ஒரு அண்ணன் குடுத்து ஒரு தடவை சாப்ட்டிருக்கேன், முதல் கடிக்குக் கசப்பு, ரெண்டாவது கடில விட மனசில்ல. கைக்குக் கிடைச்சா விடாதீங்க.

எனக்கு ஆதங்கம் எங்கன்னா, கிருஷ்ணகிரியும் சித்தூரும் பக்கத்து பக்கத்து ஜில்லா, ரெண்டு பக்கமும் தோத்தாபுரி கொட்டுது, பெரும்பாலும் கூழ் ஃபேக்டரியை நம்பித்தான் அந்தப் பழம் விளையுது. ஃபேக்டரி போன வருஷத்துக் கூழே தேங்கி கிடக்குன்னு கையை விரிச்சா விவசாயி கதை முடிஞ்சுது. 2025 சீசன்ல சித்தூர் பக்கம் விலை விழுந்து, ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மேல போட்டுத் தர்றோம்னு அறிவிக்கிற நிலைமை வந்துச்சு, லாரி லாரியா பழம் ஃபேக்டரி வாசல்ல காத்து நின்ன படங்களை எல்லாரும் பாத்தோம். அந்தப் பழத்துல ஒரு பங்காவது தாண்ட்ராவா மாறலாமே. ஒரு பரண், நாலு பாய், மழை வந்தா மூட ஒரு தார்ப்பாய், வெயிலுக்குக் காசு கிடையாது, கிருஷ்ணகிரி வெயில் கோனசீமா வெயிலை விட ஈரம் கம்மி, இன்னும் வேகமா காயும். சோலார் ட்ரையர் வெச்சா ஈ தூசி பிரச்சனையும் தீந்துச்சு. சுய உதவிக் குழுக்கள்ல யாராவது கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நல்ல தாண்ட்ரா போடுறாங்கன்னா தயவு செஞ்சு கீழ சொல்லுங்க, நானே போய் வாங்கி, வெட்டிப் பாத்து, இதே மாதிரி எழுதுறேன்.

சுகர் இருக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, சர்க்கரை சேக்காததுன்னு எழுதியிருந்தாலும் இது சர்க்கரைதான். தண்ணி போயிட்டு பழத்தோட இனிப்பு மொத்தமும் ஒரு துண்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கு, 50 கிராம் துண்டுல சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும். பழமாச்சே ஒண்ணும் ஆகாதுன்னு பெரியவங்களுக்கு நீட்டாதீங்க, நகம் அளவு குடுங்க போதும். வெயில்ல காஞ்சதுல விட்டமின் சியும் பெருசா மிஞ்சாது, சத்துக்காக இதை வாங்குறேன்னு யாரும் வாங்க வேண்டாம், ருசிக்காக வாங்குங்க.

வெச்சிருக்குறது எப்படின்னா, சென்னை ஈரக் காத்துல திறந்து வெச்சா ரெண்டே நாள்ல பிசுபிசுன்னு ஆயிடும், காத்துல இருக்குற ஈரத்தை இது இழுக்கும். வாங்குன உடனே அந்த பாலிதீன் கவரைக் கடாசிட்டு, துண்டு துண்டா வெட்டி ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பால போட்டுடுங்க. ஃப்ரிட்ஜ் தேவையில்ல, மழைக்காலத்துல மட்டும் வெக்கலாம், ஆனா வெளிய எடுத்த உடனே திறக்காதீங்க, அறைச் சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க, இல்லன்னா மேல வேர்த்துரும். நாளாக ஆக சர்க்கரை போட்டதுல மேல வெள்ளையா பூத்த மாதிரி தெரியும், தொட்டா நறநறன்னு இருந்தா அது சர்க்கரை, ஒண்ணும் பண்ணாது. பஞ்சு மாதிரி மெத்துன்னு இருந்தா, பச்சையா இருந்தா, அது பூஞ்சை, அந்தத் துண்டை மட்டும் இல்ல, பக்கத்துல ஒட்டுனதையும் தூக்கிப் போட்டுடுங்க.

எப்ப வாங்கணும்னு கேக்குறவங்களுக்கு, ஆடி பொறந்ததுக்கு அப்புறம் போங்க. சித்திரை வைகாசில கடைல இருக்குறது பெரும்பாலும் போன வருஷ சரக்கு, கெட்டுப் போயிருக்காது ஆனா வாசனை இறங்கியிருக்கும். புதுசு ஆனி கடைசில இருந்து வெட்ட ஆரம்பிப்பாங்க. கடைல நின்னு மூணு வேலை மட்டும் பண்ணுங்க, முழுக் கட்டியைத் திருப்பச் சொல்லி பாய் அச்சு பாருங்க, ஒரு ஓரம் வெட்டச் சொல்லி கோடு பாருங்க, வெல்லமா சர்க்கரையா, கூழுக்கு எவ்ளோன்னு கேளுங்க. வெட்டிக் காட்ட மாட்டேன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போங்க, அந்த ரோட்ல கடைக்குப் பஞ்சமே இல்ல. நான் வாங்குன கடைக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை பேக்கிங்குக்காகக் குறைச்சது. பாக்கெட் பாருக்கு ரெண்டு, ஆம்பாபோளிக்கு நாலு. ஆன்லைன்காரருக்கு ஒண்ணு கூடக் கிடையாது, ரீஃபண்ட் வந்தா இங்க வந்து மாத்தி எழுதுறேன்.